பதின்மூன்று மீற்றர்

மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹேர்மஸ் கப்பலின் அடி 53 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது. டெக் எனப்படும் தொழில்நுட்பச் சுழியோடலுக்கு உலகெங்கும் வழங்கப்படும் முதற்படிச் சான்றிதழ்களில் பரவலான ஒன்று, அதைப் பெற்றவரை 40 மீற்றரோடு நிறுத்திவிடுகிறது. இடையில் இருப்பது பதின்மூன்று மீற்றர். நிலத்தில் நின்று பார்த்தால் ஒரு தென்னையின் உயரந்தான். அந்தத் தென்னை உயரத்துக்குள் சுழியோடி சுவாசிக்கும் வாயுவும் முதுகில் சுமக்கும் சாமான்களும் என்ன பாடுபடுகின்றன என்பதை இங்கே எண்களோடு பார்க்க விரும்புகிறேன்.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தாக்குதல் வருமென்று அறிந்து முதல் நாளே துறைமுகத்தை விட்டுத் தெற்கே விலகிய ஹேர்மஸ் மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடிக்கப்பட்டது. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. அன்று அதன் தளத்தில் ஒரு விமானங்கூட இருக்கவில்லை. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும், ஹொலிஹொக், அத்தல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் ஆகியவையும் அதே நாளில் இந்தக் கிழக்குக் கடலில் மூழ்கின. இவற்றில் பிரிட்டிஷ் சார்ஜன்ட், பாசிக்குடாப் பக்கத்தில் சாதாரணப் பொழுதுபோக்குச் சுழியோடிக்கும் எட்டும் ஆழத்தில் கிடக்கிறது. ஹேர்மஸ் அப்படி எட்டாது. சரிந்து கிடக்கும் அதன் மிக உயர்ந்த பகுதியே 40 மீற்றரைத் தாண்டித்தான் தொடங்குகிறது.

நான் சவளக்கடைக்காரன். எங்களுடையது வயல் சூழ்ந்த ஊர். மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடினால் கல்முனைக்குப் போக வழி தேட வேண்டியிருக்கும். கடல் அந்தத் தாம்போதிக்கு அப்பால்தான். ஆனாலும் மருதமுனை, சாய்ந்தமருது, பெரியநீலாவணை என்று கரையில் உறவும் நட்பும் இல்லாத குடும்பம் எங்களூரில் குறைவு. அந்தக் கரைகளில் சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டர் கட்டி இறங்குகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளை வள்ளத்தில் ஏற்றிப் போகும் வேலைக்குச் சிலர் மாறியிருக்கிறார்கள். ஹேர்மஸுக்கு இறங்க எந்தச் சான்றிதழ் வேண்டும் என்ற கேள்வி அவர்களிடமிருந்துதான் வருகிறது. கேள்வி நேரானது. பதில் அப்படி இல்லை.

பொழுதுபோக்குச் சுழியோடலின் படிகள் பலருக்கும் தெரியும். முதலாவது 18 மீற்றர், அடுத்தது 30, ஆழப் பயிற்சி முடித்தால் 40. இந்தப் படிகளில் எங்கு நின்றாலும் நேராக மேலே வந்துவிடலாம் என்பதே அடிப்படை. வழியில் கட்டாயத் தரிப்பு இல்லை. டெக் சுழியோடல் அந்த உரிமை பறிபோகும் இடத்தில் தொடங்குகிறது. ஆழத்தில் நேரம் கூடிய பின் நேராக மேலே வந்தால் உடலில் கரைந்த நைதரசன் சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் குமிழியாகிவிடும். அதனால் இடையிடையே தரித்துத் தரித்து வர வேண்டும். தலைக்கு மேல் கூரை இல்லாவிட்டாலும் கூரை இருப்பதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும். முதற்படி டெக் சான்றிதழ் என்பது அந்தக் கூரைக்குக் கீழே ஒருவரை முதன்முதலாக அனுப்பும் அனுமதி.

அந்த அனுமதியை நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக அளந்து கொடுக்கின்றன. பாடி (PADI) நிறுவனத்தின் ‘டெக் 40’ ஆழத்தைக் கூட்டவே இல்லை. பொழுதுபோக்கு எல்லையான அதே 40 மீற்றரில் வைத்துக்கொண்டு, மொத்தம் 10 நிமிடத்துக்கு மேற்படாத தரிப்பையும் 50 விழுக்காட்டுக்கு மேற்படாத ஒட்சிசன் கலவை கொண்ட ஒரு சிலிண்டரையும் தருகிறது. அடுத்த ‘டெக் 45’ தூய ஒட்சிசன் வரை போக விடுகிறது. ‘டெக் 50’ இரண்டு தரிப்பு வாயுக்களை அனுமதிக்கிறது. டிடிஐ அமைப்பு முதலில் உயர்தர நைட்ரொக்ஸ் (ஒட்சிசன் கூட்டிய காற்று) பாடத்தை 40 மீற்றரோடு நிறுத்தி, தரிப்பு முறைகள் பாடத்தில் 45க்கு அழைத்துப் போகிறது. ஜியூஇ வேறு வழி பிடித்தது. அதன் ‘டெக் 1’ மாணவரை 51 மீற்றர் வரை விடுகிறது. ஆனால் காற்றோடு அல்ல, ஈலியம் கலந்த ட்ரைமிக்ஸோடு. தரிப்பு வாயு ஒன்றுதான். அந்தப் பாடத்துக்கு முன் உடல் நிலை, மிதப்பு, குழு ஒழுங்கு ஆகியவற்றுக்கென்றே ஓர் அடிப்படைப் பாடத்தைக் கடந்தாக வேண்டும்.

40, 45, 50, 51. முதற்படியில் தொடங்கி நடுப்படி வரைக்கும் எந்தச் சான்றிதழும் 53ஐத் தொடவில்லை. ஹேர்மஸின் மணலைத் தொட டிடிஐயின் ‘எக்ஸ்டெண்டட் ரேஞ்ச்’ போன்றதோ, 60க்கும் 65க்கும் போகும் ட்ரைமிக்ஸ் பாடமோ வேண்டும். ஒரு கப்பலை மனதில் வைத்து யாரும் இந்த எண்களை வகுத்திருக்க முடியாது. ஆனால் நம் கப்பல் அந்த வேலிக்கு அப்பால் இரண்டு மீற்றர் தள்ளிக் கிடப்பதால் ஆசை வேலிக்கு இந்தப்பக்கமே தொடங்கிவிடுகிறது. இரண்டு மீற்றரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். அதனால்தான் எண்களுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது.

கடலில் பத்து மீற்றருக்கு ஒரு பார் என்று அமுக்கம் கூடும். மேலே ஒன்று, 40 மீற்றரில் 5, 53 மீற்றரில் 6.3. ஒட்சிசனின் பகுதியமுக்கம் வேலை செய்யும்போது 1.4 பாரையும் தரிப்பில் ஓய்வாக நிற்கும்போது 1.6 பாரையும் தாண்டக் கூடாது என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட வரம்பு. தாண்டினால் வலிப்பு வரலாம். தரையில் வலிப்பு வந்தவர் பிழைத்துக்கொள்வார். நீருக்குள் வாயிலிருக்கும் ரெகுலேட்டர் விழுந்தால் அவர் மூழ்கிவிடுவார். 32 விழுக்காட்டு நைட்ரொக்ஸ் 33 மீற்றருக்குச் சரி. 28 விழுக்காடு சரியாக 40 மீற்றரில் 1.4ஐத் தொடுகிறது. 53 மீற்றரில் 22 விழுக்காட்டுக்கு மேல் இடமில்லை. அதாவது ஹேர்மஸின் அடியில் நைட்ரொக்ஸ் என்று ஒன்றே இல்லை, சாதாரணக் காற்றே விளிம்பில் நிற்கிறது.

காற்று ஒட்சிசன் வரம்புக்குள் நிற்கிறதென்று ஆறுதல் கொள்ள முடியாது. அங்கே நைதரசனின் அமுக்கம் 5 பாருக்குப் பக்கம். மயக்கம் என்று சொல்கிறார்கள். மதுவின் மயக்கத்தோடு ஒப்பிடுவது வழக்கம். கையில் கட்டிய கடிகாரத்தைப் பார்த்தும் படிக்காமல் விடும் மயக்கம் அது. அதைவிடப் புதிதாக விளங்கிக்கொள்ளப்பட்டது வாயுவின் கனம். கவின் அந்தனி, சைமன் மிச்செல் இருவரும் 2016இல் வெளியிட்ட பரிந்துரையில், சுவாசிக்கும் வாயு லீற்றருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2ஐத் தாண்டவே கூடாது என்றார்கள். காற்று லீற்றருக்கு ஏறத்தாழ 1.3 கிராம். எனவே 5.2ஐ 30 மீற்றர் வாக்கிலேயே எட்டிவிடும், 6.2ஐ 40க்குச் சற்று முன். 53 மீற்றரில் 8க்கு மேல். கனத்த வாயுவை நெஞ்சு இழுத்து வெளித்தள்ள முடியாதபோது காபனீரொட்சைட்டு உள்ளே தேங்குகிறது. தேங்கினால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்க வாங்க இன்னும் தேங்கும். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் சுழியோடிக்கு இது பதற்றமாகத்தான் தெரியும். ஹேர்மஸ் கிடக்குமிடத்தில் நீரோட்டம் அடிக்கடி கடுமை.

40 என்ற எண் காற்றின் இந்தக் கனத்தோடு ஏறத்தாழப் பொருந்தி நிற்பதை நான் தற்செயல் என்றே நினைக்கிறேன். எண் பழையது, கனத்தைப் பற்றிய அளவீடு புதிது. ஆனாலும் பழைய அனுபவம் ஏதோ ஒன்றை உணர்ந்து அங்கே கோடு போட்டிருக்கவும் கூடும். அந்தக் கோட்டுக்குக் கீழே காற்றோடு போவதைச் சான்றிதழே அனுமதித்தாலும் நான் ஒப்பமாட்டேன்.

மாற்று ஈலியம். 18 விழுக்காடு ஒட்சிசனும் 45 விழுக்காடு ஈலியமும் மீதி நைதரசனும் கொண்ட கலவையை எடுத்துக்கொண்டால், 53 மீற்றரில் அதன் கனம் 5 கிராம் வாக்கில் நிற்கிறது. ஒட்சிசன் 1.13 பார். மயக்கமோ, ஒட்சிசனையும் மயக்கும் வாயுவாகவே கணக்கில் சேர்த்தால்கூட, காற்றில் 25 மீற்றரில் இருப்பவரின் அளவுதான். ஒரே ஆழம், ஒரே கப்பல், வாயு மாறியதும் வேறு மனிதர். இதனால்தான் முதற்படிப் பாடங்களில் பல ஈலியத்தைத் தள்ளி வைப்பதை நான் ஏற்கவில்லை. ஆழம் முதலில், ஈலியம் பிறகு என்ற வரிசை தலைகீழானது. டிடிஐயில் 45 மீற்றருக்கே ஈலியம் சேர்க்கும் ஹெலிட்ரொக்ஸ் வழியும் உண்டு. எடுப்பவர்கள் அதை எடுக்கட்டும் என்பேன்.

இதற்கு எதிராக ஒரு நியாயம் இருக்கிறது, அது வலுவானது. ஈலியம் இலங்கையில் உற்பத்தியாவதில்லை, கப்பலில் வரும் சரக்கு. ஒரு இறக்கத்துக்கு இரட்டைச் சிலிண்டரில் பாதியளவு ஈலியம் என்றால் செலவு ஒரு சுற்றுலா வள்ளக்காரரின் கைக்கு எட்டாது. அதனால் ஹேர்மஸுக்குக் காற்றோடு இறங்கியவர்கள் ஏராளம், பெரும்பாலோர் நலமாகவே திரும்பி வந்தார்கள். ஆனால் நலமாகத் திரும்பியவர்களின் எண்ணிக்கை எதையும் நிரூபிப்பதில்லை. ஓட்டமில்லாத நாளில், கண்ணாடி போன்ற நீரில் போய் வந்தவர் வாயுவின் கனத்தைச் சந்திக்கவே இல்லை.

அடுத்தது வாயுவின் அளவு. ஓய்வாக மூச்செடுக்கும் ஒருவருக்கு நிமிடத்துக்கு 20 லீற்றர் என்று வைப்போம். 53 மீற்றரில் அது 126 லீற்றர். கூட்டாளிக்கு வாயு தீர்ந்து இருவரும் ஒரு தொகுதியிலிருந்து சுவாசித்து மேலே வரும் நிலையையும் எண்ண வேண்டும். பதறிய மூச்சு ஆளுக்கு 30 லீற்றர். சிக்கலைத் தீர்க்க அடியில் ஒரு நிமிடம், அங்கிருந்து 21 மீற்றருக்கு வர நான்கு நிமிடம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1500 லீற்றர். அதைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். 11 லீற்றர் சிலிண்டர் ஒன்றில் 200 பார் அடித்தால் 2200 லீற்றர்தான். மீதி 700. இறங்கும் நேரமும் சேர்த்து ஐந்தரை நிமிடம். 12 லீற்றர் இரட்டையில் 4800, மீதி 3300, அது 26 நிமிடம். இரட்டைச் சிலிண்டர் வேண்டுமென்ற விதி யாரோ ஆடம்பரத்துக்குச் சொன்னதல்ல என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன.

இரட்டை என்றால் வெறுமனே இரண்டைச் சேர்த்துக் கட்டுவதும் அல்ல. நடுவில் அடைக்கக்கூடிய வால்வு, இரண்டு தனித்தனி முதல்நிலை ரெகுலேட்டர்கள், கூட்டாளிக்குக் கொடுக்க இரண்டு மீற்றருக்கும் சற்று நீண்ட குழாய், கழுத்தில் தொங்கும் மாற்று ரெகுலேட்டர். ஒன்றில் கசிவு வந்தால் பின்னால் கையை நீட்டி அந்த வால்வை மூட வேண்டும். பாடத்தில் அதிக நேரம் போவது இதற்குத்தான். முதற்படி மாணவர்கள் பலர் தடுமாறுவதும் இதில்தான். கை எட்டாதவருக்கு இரட்டைச் சிலிண்டர் இரட்டை ஆபத்து. பக்கவாட்டில் சிலிண்டர் கட்டும் முறை தோள் பிடிப்புள்ளவர்களுக்கு உதவும்.

தரிப்பு வாயுவின் எல்லைக்கு வருவோம். முதற்படியில் ஏன் 50 விழுக்காடு, ஏன் ஒரே ஒரு சிலிண்டர்? தூய ஒட்சிசன் 6 மீற்றரில் 1.6 பார். கிழக்குக் கடலின் அலையில் அங்கே நிற்கும் புதியவர் இரண்டு மீற்றர் சறுக்கினால் 1.8. 50 விழுக்காட்டுக் கலவை 21 மீற்றரில் 1.55. அதே இரண்டு மீற்றர் சறுக்கினால் 1.65. ஒரே தவறு, வேறு தண்டனை. இரண்டாவது சிலிண்டர் வந்தால் அதைவிடக் கொடிய தவறுக்கு வழி திறக்கும். பிழையான ரெகுலேட்டரை வாயில் வைப்பது. 45 மீற்றரில் ஒருவர் தரிப்புக்கான தூய ஒட்சிசனைச் சுவாசித்தால் 5.5 பார். சில மூச்சுகளில் வலிப்பு வந்துவிடலாம். டெக் சுழியோடலின் மரணங்களில் திரும்பத் திரும்பப் படிக்கக் கிடைப்பது இந்தக் கதை. அதனால்தான் ஒவ்வொரு சிலிண்டரிலும் அது அனுமதிக்கும் ஆழம் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், சுவாசிப்பவரே வாயுவை அளந்து பார்க்க வேண்டும், மாறும்போது கூட்டாளி எண்ணைப் படித்துத் தலையசைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். 10 நிமிடத் தரிப்பு என்ற வரம்பும் இதே அக்கறையிலிருந்து வந்ததுதான். தரிப்பு சிறிதாக இருந்தால் அந்தச் சிலிண்டரே தொலைந்துபோனாலும் முதுகில் இருப்பதை வைத்து மேலே வந்துவிடலாம்.

இந்த விதிகளெல்லாம் சோதனைகளிலிருந்தும் விபத்துகளை எண்ணியும் பெறப்பட்டவை. 1908இல் ஹோல்டேன் ஆடுகளை அமுக்க அறையில் வைத்துப் படிப்படியாகத் தரித்து ஏறும் அட்டவணையைத் தந்தார். அமெரிக்கக் குகைச் சுழியோடியான ஷெக் எக்ஸ்லி, 1979இல் வெளியிட்ட சிறு நூலில் குகை மரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி, வாயுவில் மூன்றிலொரு பங்கை உள்ளே போகவும் ஒரு பங்கை வரவும் செலவிட்டு, மீதி ஒரு பங்கைத் தொடாமல் வைக்கும் விதியை அழுத்திச் சொன்னார். டெக் சுழியோடல் என்ற பெயரே 1990களின் தொடக்கத்தில்தான் மைக்கேல் மெண்டூனோவின் சஞ்சிகை வழியாகப் பரவியது. அதற்கு முன் இதைச் செய்தவர்களுக்குப் பெயரும் சான்றிதழும் இருக்கவில்லை. கற்றது தோழர்களின் மரணங்களிலிருந்து.

நம் கரையில் இன்னொரு வரம்பு இருக்கிறது, அது எந்தச் சான்றிதழிலும் இல்லை: காற்றடிக்கும் இயந்திரம். 40 விழுக்காட்டுக்கு மேல் ஒட்சிசன் தொடும் சிலிண்டரும் வால்வும் எண்ணெய்ப்பசை இல்லாமல் ஒட்சிசனுக்கென்று சுத்தம் செய்யப்பட வேண்டும். சாதாரண எண்ணெய் போட்ட இயந்திரத்திலிருந்து வந்த காற்றின் மேல் ஒட்சிசனை அடித்தால் தீப்பிடிக்கலாம். காபனோரொட்சைட்டு வேறு. டீசல் புகைக்குப் பக்கத்தில் நின்று காற்றை உறிஞ்சும் இயந்திரம் பத்து இலட்சத்தில் 10 பங்கு அந்த நஞ்சைச் சேர்த்தால், மேலே அது பொருட்டல்ல. 53 மீற்றரில் 63 பங்கைச் சுவாசிப்பதற்குச் சமம். சங்குக்காரர்களுக்கு அடிக்கும் அதே இயந்திரத்தில் டெக் சுழியோடிக்கும் அடிக்கலாமா என்று யாராவது கேட்டால், முதலில் அந்தக் காற்றைச் சங்குக்காரருக்கே கொடுக்கலாமா என்று கேட்கத் தோன்றுகிறது.

சங்குக்கும் அட்டைக்கும் இறங்குபவர்கள்தான் உண்மையில் இந்தக் கரையின் டெக் சுழியோடிகள். சான்றிதழ் இல்லை, இரட்டைச் சிலிண்டர் இல்லை, தரிப்பு வாயு இல்லை, பெரும்பாலும் ஆழமானி கூட இல்லை. கரையோரத்தில் அட்டை குறையக் குறைய ஆழம் கூடுகிறது. ஒரே நாளில் பல சிலிண்டர்கள். மன்னார்ச் சிலாபத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு முத்துக்குளித்த முன்னோருக்கு மூச்சுதான் எல்லை. மூச்சு முடிந்தால் உடலே மேலே வந்துவிடும், நைதரசன் பெரிதாகச் சேர நேரமிருக்காது. சிலிண்டர் அந்த எல்லையை எடுத்துவிட்டது. அதன் இடத்தில் வேறொன்றை யாரும் வைக்கவில்லை. கால் மரத்துப்போய் வீட்டில் கிடக்கும் ஆண்களைக் கிழக்குக் கரையோரக் கிராமங்களில் தேடிப் போக வேண்டியதில்லை. கடற்றொழில் திணைக்களம் தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் கேட்கிறது, அது வேண்டியதுதான். அந்தப் பத்திரத்தோடு முதற்படி டெக் பாடத்தின் ஒரு சிறு பகுதியையாவது சேர்த்துக் கொடுத்தால் என்ன? ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடுவது, மெதுவாக ஏறுவது, 6 மீற்றரில் தரிப்பது. ஈலியமும் இரட்டைச் சிலிண்டரும் இல்லாமலே இவ்வளவும் சொல்லிக்கொடுக்கலாம்.

வள்ளத்தில் ஒட்சிசன் வைத்திருப்பதும் அப்படித்தான். நைதரசன் குமிழிகளால் வரும் நோயின் குறி தெரிந்தவுடன் முகமூடியில் தூய ஒட்சிசன் கொடுப்பது அமுக்க அறைக்குப் போகும் வரை செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அமுக்க அறை இருக்கிறது. கல்முனையிலிருந்து அது 150 கிலோமீற்றருக்கும் மேல். அவ்வளவு தூரத்துக்கும் கையில் ஒட்சிசன் வேண்டும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் இரத்தம் தடித்து இந்நோய்க்கு வாய்ப்பு அதிகரிக்கலாம் என்பதால், எங்கள் ஊர்களுக்கே உரிய ஒரு கேள்வியும் உண்டு: நோன்பு. கிழக்கில் கடல் அமைதியாக இருப்பது ஆண்டின் நடுப்பகுதியில். பத்தாண்டுக்கு முன் றமழான் அந்த மாதங்களில்தான் வந்தது, சுழன்று மறுபடி வரும். நோன்போடு 40 மீற்றருக்குக் கீழே இறங்குவதை நான் வேண்டாம் என்பேன். அந்த நாளில் மேலே வள்ளத்தில் நின்று கயிறு பிடிப்பவராக இருப்பதும் வேலைதான்.

ஹேர்மஸுக்கு எந்தச் சான்றிதழ் என்று கேட்கும் தம்பிக்கு இப்போது நான் சொல்லக்கூடியது இது. ஈலியத்தோடு 45 மீற்றருக்கு விடும் ஹெலிட்ரொக்ஸ் போன்ற சான்றிதழ் கையில் இருந்தால், ஓட்டம் அமைதியான ஒரு காலையில், இரட்டைச் சிலிண்டரும் 50 விழுக்காட்டுச் சிலிண்டரும் கட்டி, முதுகு வாயுவில் ஈலியமும் கலந்து, கப்பலின் மேற்பக்கத்து இரும்பு வரை போகலாம். 45இல் நின்று பார்த்தால் கீழே கப்பலின் உடல் மணலை நோக்கிச் சரிந்து போவது தெரியும். அந்த 307 பேரில் பலர் அதற்குள்தான் இருக்கிறார்கள். அங்கிருந்து திரும்பி, 21 என்று பெரிதாக எழுதிய சிலிண்டரைக் கூட்டாளியிடம் காட்டி, அவர் தலையசைத்த பிறகு ரெகுலேட்டரை வாயில் வைத்து, தரிப்பு முடிந்து மேலே வா. மணலுக்குப் போவது இன்னொரு பாடம், இன்னொரு வாயு, வேறொரு வருடம்.